மண்துகளின் சாட்சியம்

வெங்காயம், உருளைக்கிழங்கு, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைக் கதிரூட்டி உள்நாட்டுச் சந்தையில் விற்க 1994ஆம் ஆண்டில் நடுவண் அரசு இசைவளித்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நறுமணப் பொருள்களுக்கென்றே அணுசக்தித் துறையின் கதிரூட்டு நிலையம் நவி மும்பையின் வாஷியில் இயங்கத் தொடங்கியது. பின்னர்த் தனியார் நிலையங்களும் எழுந்தன. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் மிளகும் உலர்மூலிகையும் மூட்டை மூட்டையாய்க் கோபால்ட்-60இன் எதிரே நின்று கடந்து செல்வது இன்று வழக்கமான தொழில். அவ்வாறு கடந்த பொருளின் உறைமேல் அச்செய்தியும், கதிரூட்டிய நாளும், உரிம எண்ணும், பச்சை வட்டக் குறியும் இருத்தல் வேண்டும் என்பது விதி. விதி நன்று. ஆனால் அக்குறி இல்லாத ஒரு பொதியைக் கையில் எடுத்து, இது மெய்யாகவே கதிர் படாததுதானா என்று நுகர்வோர் வினவினால் விடை பகர்வது யார்?

இவ்வினாவை நாம் எழுப்புவது கதிரூட்டலைப் பழிப்பதற்காக அன்று. கதிர்பட்ட உணவு தானே கதிரியக்கம் கொண்டுவிடும் என்னும் அச்சம் மக்களிடையே இன்னும் உண்டு; அதற்கு அடிப்படை இல்லை. கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டு. உணவில் உள்ள தனிமங்களின் அணுக்கருவைக் குலைத்துக் கதிரியக்கம் ஊட்ட இந்த ஆற்றல் போதாது. பத்துக் கிலோகிரே என்னும் அளவு, ஒரு கிலோ பொருளில் பத்தாயிரம் ஜூல் ஆற்றல் படிவதைக் குறிக்கும். அத்தனையும் வெப்பமாக மாறினாலும் ஒரு கிலோ நீரின் வெப்பநிலை இரண்டரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். அச்சிறு ஆற்றலே நுண்ணுயிரின் மரபிழைகளை அறுக்கப் போதுமானதாகிறது. உலக நலவாழ்வு நிறுவனம், உணவு வேளாண் நிறுவனம், பன்னாட்டு அணுசக்தி முகமை மூன்றும் கூடி அமைத்த வல்லுநர் குழு, சராசரியாகப் பத்துக் கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கு இல்லை என்று 1980ஆம் ஆண்டிலேயே முடிவு சொன்னது. அம்முடிவை நாம் ஏற்கிறோம்.

தேவையும் மெய்யானதே. கொடியிலிருந்து பறித்த மிளகு களத்திலும் பாயிலும் காய்கிறது. வற்றல் திறந்தவெளியில், சில ஊர்களில் சாலையோரத்திலேயே பரப்பப்படுகிறது. காற்று, பறவை, எலி, ஈ, மனிதர் கால் எல்லாம் அதன்மேல் படுகின்றன. தூய்மை செய்யப்படாத மிளகில் ஒரு கிராமுக்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரை நுண்ணுயிர்கள் இருப்பது அரிதன்று. கொதிக்கும் குழம்பில் இட்டால் பெரும்பாலானவை மடியும். சமைத்து முடித்த உணவின்மேல் தூவினால் அப்படியே வயிற்றுக்குள் செல்லும். 1993ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மிளகாய்த்தூள் தூவிய உருளை வறுவலை உண்டு ஏறத்தாழ ஆயிரம் பேர் சால்மொனெல்லா நோய்க்கு ஆளாயினர், பெரும்பாலோர் குழந்தைகள். 2009-10இல் அமெரிக்காவில் பதப்படுத்திய இறைச்சியின்மேல் பூசிய மிளகாலும் மிளகாய்த்தூளாலும் 44 மாநிலங்களில் 272 பேர் அதே நோயில் வீழ்ந்தனர். சிட்டிகை அளவுதானே என்று நறுமணப் பொருளை எளிதாக எண்ணிவிட முடியாது.

நுண்ணுயிரைக் கொல்ல வணிகத்தில் இருக்கும் முதன்மை வழிகள் மூன்று. எத்திலீன் ஆக்சைடு என்னும் வளிமத்தால் புகையூட்டுவது ஒன்று. அது புற்றுநோய் விளைவிப்பது என்று உறுதிப்பட்ட பொருள்; ஐரோப்பா அதை உணவில் பயன்படுத்தத் தடை விதித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2020இல் இந்திய எள்ளிலும், 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் விற்ற இந்தியக் கறிமசால் பொதிகளிலும் அதன் எச்சம் பிடிபட்டு நம் வணிகத்துக்குப் பெரும் பழி வந்ததை மறந்திருக்க மாட்டோம். நீராவி இன்னொன்று. முழு மிளகுக்கு அது ஏற்றது; தூளாக அரைத்த பொருளிலோ நிறமும் மணமும் குன்றுகின்றன. மூன்றாவது கதிர். எச்சம் வைப்பதில்லை, நனைப்பதில்லை, கட்டிய மூட்டையை அவிழ்க்காமலே செய்யலாம். எத்திலீன் ஆக்சைடின் மேல் உலகின் பிடி இறுக இறுக, வணிகர்கள் கதிரூட்டலை மேலும் மேலும் நாடுவர் என்பது எளிதில் உய்த்துணரக் கூடியது. அதனால்தான் உறையில் எழுதிய சொல்லின் மெய்மை இப்போது முன்னினும் முதன்மை பெறுகிறது.

நாடுகளின் சட்டங்கள் ஒத்துப்போகவில்லை என்பதையும் கருத வேண்டும். 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் இரு நெறிமுறைகள் வகுத்தது. ஒன்றியம் முழுமைக்கும் பொதுவாக இசைவு பெற்றது ஒரே ஒரு வகை: உலர்ந்த மணமூலிகை, நறுமணப் பொருள், காய்கறிச் சுவையூட்டி. அதற்கும் உச்ச வரம்பு சராசரி பத்துக் கிலோகிரே. கதிர்பட்ட பொருள் ஒரு சிட்டிகை கலந்திருந்தாலும் அது முழு உணவின் உறையில் சொல்லப்பட வேண்டும். அமெரிக்கா 1986 முதல் முப்பது கிலோகிரே வரை இசைவளிக்கிறது; பல பொருள் கலந்த உணவில் உட்கூறாகச் சேர்ந்த நறுமணப் பொருளைப் பற்றி உறையில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. இந்தியாவில் நறுமணப் பொருளும் உலர்மூலிகையும் நுண்ணுயிர் நீக்கத்துக்காக ஆறு முதல் பதினான்கு கிலோகிரே வரை பெறலாம். ஆக, ஒரே மூட்டை மிளகு ஒரு துறைமுகத்தில் நேர்மையான சரக்காகவும், இன்னொரு துறைமுகத்தில் குற்றப் பொருளாகவும் ஆகக்கூடும். இந்நிலையில் சொல்லை நம்பி வாணிகம் நடத்துவது எங்ஙனம்? சோதனை வேண்டும்.

அச்சோதனை நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. உலகில் முதன்முதலாக வணிக முறையில் நறுமணப் பொருளுக்குக் கதிரூட்டியது 1957இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில். இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டின் புதிய உணவுச் சட்டம் அதற்குத் தடை விதிக்க, எந்திரம் கழற்றப்பட்டது. தடை விதித்தவர்களிடமோ மீறியவரைப் பிடிக்கும் வழி இல்லை. பத்துக் கிலோகிரே ஏற்ற மிளகு நிறத்தால் மாறுவதில்லை. நாவுக்கு வேறுபாடு தெரிவதில்லை. கதிர் உண்டாக்கும் வேதி மாற்றங்கள் மிகச் சில. அவற்றிற் பல, வெப்பத்தாலும் வெயிலாலும் பழமையாலும் உண்டாகும் மாற்றங்களோடு ஒத்தவை. கெய்கர் கருவியை நாளெல்லாம் அருகில் வைத்திருந்தாலும் அது வாய் திறவாது. கதிர் வந்து போனபின் அங்கே கதிர் இல்லை.

1980களில் மியூனிக்கை அடுத்த நொய்ஹெர்பெர்க்கில், ஜெர்மன் நலவாழ்வு அலுவலகத்தின் கதிர்த்துறை நிலையத்தில் லோரே ஹைடேயும் வெர்னர் பேகலும் ஒன்றைக் கண்டனர். கதிரூட்டிய நறுமணப் பொருளைச் சூடேற்றினால் மிக மெல்லிய ஒளி எழுகிறது. கதிரூட்டாததில் அவ்வாறு எழுவதில்லை. தொடக்கத்தில் பொருளை முழுதாகவே சூடேற்றினர். ஒளி சில மாதிரிகளில் மிகுதியாகவும் சிலவற்றில் பெயரளவுக்கும் வந்தது. ஒரே செடியின் விளைச்சலில் ஏன் இத்தனை வேறுபாடு? விடை அவ்வாண்டுகளின் இறுதியில் துலங்கியது. ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைட் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டேவிட் சாண்டர்சனின் குழுவும், ஜெர்மனியில் வேறு சிலரும், ஒளிர்வது மிளகு அன்று, மிளகில் ஒட்டிய மண் என்று காட்டினர். விளைநிலத்திலும் உலர்களத்திலும் காற்று கொண்டு சேர்த்த, எந்தப் புடைப்புக்கும் சலிப்புக்கும் முழுதும் நீங்காத அந்த நுண்மணலே கதிர் வந்து போனதற்குச் சான்று பகர்கிறது. அழுக்கு என்று நாம் அகற்ற முயல்வது, சட்டத்தின் கண்ணில் ஆவணமாகிறது.

மணலில் உள்ள குவார்ட்சும் பெல்ஸ்பாரும் படிகங்கள். கதிர் பாயும்போது அவற்றில் கட்டவிழும் எலக்ட்ரான்களிற் சில, படிக அமைப்பில் உள்ள குறைகளில் அகப்பட்டுச் சிறைப்படுகின்றன. அறை வெப்பத்தில் அவை வெளியேறுவதில்லை. இருட்டில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சூடேற்றினால் விடுபட்டு, தாம் பெற்ற ஆற்றலை ஒளியாக உமிழ்கின்றன. இதே வகை ஒளிர்வைக் கொண்டுதான் தொல்லியலார் பானையோடுகளின் காலத்தைக் கணிக்கின்றனர். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை அறிக்கையில் கரிமக் கணிப்போடு சிவகளைப் பானையோடுகளின் ஒளிர்வுக் கணிப்பும் இடம்பெற்றது. நிலத்தின் இயற்கைக் கதிர் ஆண்டொன்றுக்கு ஒரு கிரேயின் ஆயிரத்தில் சில பங்கே தருவது. ஐயாயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்த ஓட்டுக்கும் பத்து இருபது கிரேதான் சேரும். கதிரூட்டு நிலையமோ சில மணி நேரத்தில் பல்லாயிரம் கிரேயை ஊட்டிவிடுகிறது. மறைக்க முடியாத அளவு வேறுபாடு அது.

ஆய்வகத்தில் இது நடக்கும் முறையைச் சற்று அணுகிப் பார்ப்பது தகும். மிளகாய்த்தூள் பொதியைப் பட்டப்பகல் ஒளியில் பிரிப்பதில்லை. வெளிச்சம் பட்டால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கலைந்துவிடும். மங்கிய ஒளியில், பொதியின் உட்பகுதியிலிருந்து மாதிரி எடுக்கின்றனர். நீரில் இட்டு, மீயொலியால் குலுக்கி, நுண்சல்லடையில் வடிக்கின்றனர். அடியில் தங்கும் கசட்டைச் சோடியம் பாலிடங்ஸ்டேட் என்னும் அடர்ந்த கரைசலில் விடுகின்றனர். நீரைப்போல் இரு மடங்கு அடர்த்தி கொண்ட அக்கரைசலில் மிளகாயின் நாரும் தோலும் மேலே மிதக்க, மணல் மட்டும் ஆழ்ந்துவிடும். சுண்ணக் கூறு ஏதும் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைத்து நீக்கும். மீண்டும் கழுவி, அசிட்டோனில் எடுத்து, சட்டைப் பொத்தானினும் சிறிய எஃகுத் தட்டில் படிய விடுகின்றனர். இத்தனை உழைப்புக்குப் பின் தட்டில் இருப்பது சில மில்லிகிராம் சாம்பல்நிறப் பொடி. இரவு முழுதும் ஐம்பது பாகை வெப்பத்தில் வைத்து நிலையற்ற ஒளிர்வை வடித்த பின், காற்று நீக்கிய நைட்ரஜன் சூழலில் சீராகச் சூடேற்றி எழும் ஒளியை அளக்கின்றனர்.

ஆனால் அவ்வொளி ஒன்று மட்டும் போதாது. மணலுக்கு மணல் ஒளிரும் திறன் வேறு. மாதிரியில் மணல் எவ்வளவு இருந்தது என்பதும் வேறு. ஆகவே அதே தட்டை எடுத்து, அளவறிந்த கதிரை, வழக்கமாக ஒரு கிலோகிரேயை, ஆய்வகத்திலேயே ஊட்டி இரண்டாம் முறை சூடேற்றுகின்றனர். முதல் ஒளியை இரண்டாம் ஒளியால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே தீர்ப்பு. கதிர் படாத பொருளில் விகிதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கும். கதிர்பட்டதில் அதைத் தாண்டும். ஒளி எழுந்த வெப்பநிலையும் பேசுகிறது. 150 முதல் 250 பாகைக்குள் ஒளி உச்சம் காட்டினால் அது அண்மையில் ஊட்டிய கதிர். 300 பாகைக்கு அப்பால் எழுவது நிலவியற் காலந்தொட்டு மண்ணில் தங்கிய பழங்கதிர். கதிர்பட்ட மிளகு சிறிதளவே கலந்த சூப்புப் பொடியில் விகிதம் குறைந்துபோனாலும், ஒளிக்கோட்டின் வடிவம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பியத் தர நிறுவனம் இம்முறையை இ.என். 1788 என்று எண்ணிட்டு நிலைநிறுத்தியது; உலக உணவு நெறிமுறையான கோடெக்சும் ஏற்றுக்கொண்டுள்ளது.

இது நாள்கள் பிடிக்கும் வேலை. துறைமுகத்தில் காத்திருக்கும் சரக்குக்கு விரைந்த முறை ஒன்றும் உண்டு. பொருளைப் பிரிக்காமல், சூடாக்காமல், ஒரு தட்டில் பரப்பி அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சினால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் ஒளி உமிழ்ந்தபடி விடுபடும். ஒளித்தூண்டல் ஒளிர்வு என்னும் இம்முறையும் சாண்டர்சன் குழுவின் கொடையே. அறுபது நொடியில் 700 எண்ணிக்கைக்குக் கீழ் என்றால் குற்றமில்லை; 5,000த்தைத் தாண்டினால் கதிர்பட்டிருக்கலாம்; இடைப்பட்டது ஐயத்துக்குரியது. ஐயம் எழுந்தால் முன்சொன்ன சூடேற்றும் முறைக்கு அனுப்ப வேண்டும். வடிகட்டும் கருவிக்கும் தீர்ப்புச் சொல்லும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரிகள் மறக்கலாகாது. உப்புக் கலந்த மசாலாவில் உப்பே மிகுதியாக ஒளிர்ந்து மற்றவற்றை மூடிவிடும். கடை அலமாரியில் நாளெல்லாம் விளக்கொளி பட்ட கண்ணாடிப் புட்டியில் குறி மங்கியிருக்கும். வறுத்து அரைத்த பொடியில், வறுக்கும் முன் கதிர் பட்டிருந்தால், அடுப்பே சான்றைக் கலைத்திருக்கக்கூடும்.

மற்றொரு சிக்கல் சற்று நகைப்புக்குரியது. வெண்மிளகு, கிராம்பு, சாதிக்காய் போன்று மண் குறைவாக ஒட்டும் பொருள்கள் விரைவு முறைக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. சரக்கு எவ்வளவு தூய்மையோ அவ்வளவுக்குச் சாட்சி குறைகிறது. புழுதியில் காயவைத்த ஏழை உழவரின் வற்றல் உண்மையை உடனே கக்கிவிட, நன்கு கழுவித் தோலுரித்த விலையுயர்ந்த சரக்கு வாய்மூடி நிற்கும். இத்தகையவற்றில், ஏற்கெனவே சோதித்த அதே மாதிரிக்குக் கதிரூட்டி மீண்டும் அளந்து, ஒளிரும் திறனே அதற்கு உண்டா என்று முதலில் அறிந்த பின்னரே குற்றமற்றது என்று எழுத வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு வழங்கும் நற்சான்று, வெறுந்தாள். எலக்ட்ரான் சுழற்சி ஒத்திசைவு என்னும் வேறொரு முறை மண்ணை நாடாமல், செடியின் செல்லுலோசில் கதிர் விட்டுச்சென்ற தனியுறுப்புகளைத் தேடுகிறது. நடுக் கோட்டின் இருபுறமும் இரு சிறு முகடுகள் எழுந்தால் குற்றம் உறுதி. எழாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஈரம் மிக்க பொருளில் அவை சில வாரங்களிலேயே அழிந்துவிடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கதிர் பட்டதா என்னும் வினாவுக்கு விடை. எவ்வளவு பட்டது என்னும் வினா வேறு. அதற்கு இம்முறைகளில் எதுவும் நம்பத்தக்க விடை தருவதில்லை. இவ்வுண்மை ஆய்வுலகுக்கு வெளியே போதிய அளவு உணரப்படவில்லை. சட்டம் வகுப்போரும் இதை உணர்ந்தவர்களாகத் தோன்றவில்லை. பல கிலோகிரே அளவில் படிகத்தின் சிறைகள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. நிரம்பிய பின் மேலும் கதிர் பாய்ச்சினாலும் ஒளி அதற்கேற்ப வளர்வதில்லை. இடையில் எத்தனை வெளிச்சம் பட்டது, எத்தனை வெயிலில் கிடங்கு கொதித்தது, கதிர்பட்டதும் படாததும் எந்த அளவில் கலந்தன என்பன யாரும் அறியாதவை. ஆறு கிலோகிரே பெற்ற மிளகையும் பதினான்கு பெற்ற மிளகையும் ஆய்வகம் பிரித்துச் சொல்ல இயலாது. இந்திய விதிக்குள் அடங்கி ஐரோப்பிய வரம்பை மீறிய சரக்கும், இரண்டுக்கும் அடங்கிய சரக்கும் தட்டின் மேல் ஒன்றுபோலவே ஒளிரும். ஆக, அளவு என்பது கதிரூட்டும் அந்நேரத்தில், அந்நிலையத்தில் மட்டுமே அறியத்தக்கது. அங்கே அளக்கப்படாதது பின்னர் எங்கும் அளக்கப்படப் போவதில்லை.

நிலையத்தில் அளப்பதும் எளிதன்று. பெட்டியின் புறப்பகுதி மிகுதியாகவும் நடுப்பகுதி குறைவாகவும் கதிர் பெறும். நடுவில் உள்ளதற்கு ஆறு கிடைக்க வேண்டுமானால் ஓரத்தில் உள்ளது அதைவிட மிகுதியாகப் பெறும். மூட்டையின் அடர்த்தி மாறினால் கணக்கும் மாறும். முழு மல்லிக்கு வகுத்த நேரம் மஞ்சள்தூளுக்குப் பொருந்தாது. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டில் பாதியாகத் தேய்வது. ஆகவே சென்ற ஆண்டின் நேர அட்டவணை இவ்வாண்டுக்கு உதவாது. இவற்றையெல்லாம் எண்ணியே, பெட்டியில் மிகக் குறைந்த கதிரும் மிக மிகுந்த கதிரும் படும் இடங்களை முன்கூட்டி அறிந்து, அங்கே அலனைன் வில்லைகளையோ சீரியம் உப்புக் கரைசலையோ வைத்து அளக்கின்றனர். பெட்டியில் ஒட்டும் நிறம் மாறும் சில்லு, பெட்டி கதிர் அறைக்குள் சென்று வந்தது என்பதை மட்டுமே காட்டும். அதை அளவுச் சான்றாக ஏற்பது அறியாமை. ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்த அளவும் மிகுந்த அளவும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பதிவேடு சரக்கோடு சேர்ந்து பயணிக்க வேண்டும்.

இந்தியாவில் கதிரூட்டு நிலையங்களின் பாதுகாப்பையும் உரிமத்தையும் 2012ஆம் ஆண்டின் அணுசக்தி விதிகள் ஆள்கின்றன. உறையில் என்ன எழுத வேண்டும், எந்தப் பொருளுக்கு எத்தனை கிலோகிரே என்பவற்றை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் ஆள்கின்றன. மேற்பார்வை இவ்வாறு இரு துறைகளிடையே பிரிந்து கிடக்கிறது. நிலையத்தின் சுவருக்குள் ஒரு துறை நிற்கிறது. கடையின் அலமாரி முன் மற்றொரு துறை நிற்கிறது. இடையே உள்ள நீண்ட வழியில், மொத்த வணிகர் மூட்டையைப் பிரித்து, மூன்று மாவட்டத்து மிளகாயை ஒன்றாய்க் கலந்து, அரைவை ஆலைக்கு அனுப்பி, சிறு உறைகளில் அடைக்கும்போது, பதிவேட்டில் இருந்த செய்தி எங்கே தொலைகிறது? பெரும்பாலும் வஞ்சகத்தால் அன்று, கவனக் குறைவால்தான் என்றே கொள்வோம். ஆயினும் கலப்பவர் கேட்கவில்லை, விற்றவர் சொல்லவில்லை என்பதால் விதி நிறைவேறியதாகிவிடாது. நிலையத்தின் வாயிலிலேயே முடிந்துபோகும் பதிவு, உண்பவருக்கு எவ்வகையிலும் உதவாது.

ஐரோப்பிய ஒன்றியம் தன் 1999ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இதற்கு ஒரு வழி வைத்தது. ஒவ்வோர் உறுப்பு நாடும் ஆண்டுதோறும் தன் கதிரூட்டு நிலையங்களில் செய்த மேற்பார்வையையும், சந்தையில் எடுத்த மாதிரிகளின் சோதனை முடிவுகளையும் ஒன்றியத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்றியம் அவற்றைத் தொகுத்து மக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது. எந்த நாடு எத்தனை மாதிரி எடுத்தது, எத்தனையில் உறைக்குறி இன்றிக் கதிர் இருந்தது என்பதை எவரும் படிக்கலாம். ஜெர்மனி மிகுதியாகச் சோதிப்பதும், சில நாடுகள் ஒன்றுகூடச் சோதிக்காமல் இருப்பதும் அவ்வறிக்கைகளில் மறைப்பின்றித் தெரிகின்றன. உறைக்குறி இன்றிப் பிடிபட்டவற்றில் ஆசிய நாடுகளிலிருந்து வந்த உடனடி நூடுல்ஸ் பொதிகளின் சுவைப்பொடியும், மூலிகை ஊட்டமாத்திரைகளும் உண்டு. தங்கள் நாட்டுக் குறையைத் தாங்களே அச்சிடும் இவ்வழக்கத்தை நாம் கைக்கொள்ள வேண்டும்.

ஆகவே நம் வேண்டுகோள்களை வெளிப்படையாக வைக்கிறோம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுதோறும் கடைகளிலிருந்து உறைக்குறி உள்ளதும் இல்லாததுமான நறுமணப் பொருள் மாதிரிகளை எடுத்து, விரைவு முறையாலும் சூடேற்றும் முறையாலும் சோதிக்க வேண்டும். முடிவுகளை மாநில வாரியாக வெளியிட வேண்டும். உறைக்குறி உள்ளதையும் ஏன் சோதிப்பது என்று கேட்கலாம். கதிர்பட்டது என்று எழுதிய பொதியில் கதிர் படாததே இருக்குமானால், நுண்ணுயிர் நீங்கியது என்று நம்பி வாங்கிய மருத்துவமனைச் சமையலறை ஏமாறுகிறது. பொய் இரு திசையிலும் பொய்தான். எந்த ஆய்வகம் இச்சோதனைக்குத் தகுதி பெற்றது என்னும் பட்டியலும் மக்கள் அறிய இருத்தல் வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்துக்குச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் தர ஆய்வகங்கள் உள்ளன. இராமநாதபுரத்து முண்டு மிளகாயும் ஈரோட்டு மஞ்சளும் கடல் கடக்கும் மாநிலத்தில், ஒளிர்வுச் சோதனை செய்யும் திறன் இவ்விரு இடங்களில் ஒன்றிலேனும் முழுமையாக நிறுவப்பட வேண்டும். ஏற்றுமதியாளர் ஒருவர் தம் சரக்கு கதிர் படாதது என்று அயல்நாட்டு வணிகருக்கு மெய்ப்பிக்கவும், தம்மிடம் விற்றவர் மறைத்தாரா என்று அறியவும் அது உதவும்.

செலவு மிகும் என்பர். சூடேற்றும் முறைக்கு விலையுயர்ந்த கருவியும், அளவறிந்த கதிர் ஊற்றும், பழகிய கைகளும் வேண்டும் என்பது மெய். எனினும் ஒரு கப்பற்சரக்கு அயல் துறையில் திருப்பப்பட்டால் நேரும் இழப்போடு ஒப்பிட, ஓர் ஆய்வகத்தின் ஆண்டுச் செலவு பெரிதன்று. சிறு வணிகர்மேல் இச்சுமையை ஏற்றக் கூடாது என்பதிலும் நமக்கு ஐயமில்லை. களத்தில் காயவைக்கும் உழவர் கதிரைக் கண்டவர் அல்லர். கதிரூட்ட அனுப்பியவரும், கலந்தவரும், உறையில் அடைத்தவருமே கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். உழவருக்கு வேண்டியது வேறு: தார்ப்பாய், மேடையிட்ட உலர்களம், ஈரம் அளக்கும் சிறு கருவி. கதிரூட்டு நிலையம் எழுந்துவிட்டது என்பதைக் காட்டி இவற்றுக்கான நிதியைக் குறைப்பார்களாயின் அது பெருந்தவறு. கதிர் பூஞ்சையைக் கொல்லும். பூஞ்சை ஏற்கெனவே சுரந்து வைத்த அஃப்ளடாக்சின் நஞ்சை அழிக்காது. கெட்டுப்போன சரக்கை நல்லதாக்கும் உபாயம் எந்தக் கோபால்ட்டிடமும் இல்லை.

தமிழ்நாட்டு மருந்துத் துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அமுக்கராக் கிழங்குப் பொடி, துளசி, நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் போன்ற உலர்மூலிகைகள் உணவுக்கும் மருந்துக்கும் இடையே நிற்பவை. உணவாக விற்கும்போது ஒரு விதியும் மருந்தாக விற்கும்போது வேறு விதியும் என்றிருப்பதால், கதிரூட்டிய செய்தி உறையில் வராமல் நழுவ இடமுண்டு. வேர்களில் மண் மிகுதி. ஒளிர்வுச் சோதனைக்கு இவற்றினும் ஏற்ற மாதிரி கிடைப்பது அரிது. ஆங்கிலேயர் நாட்டிலும் ஜெர்மனியிலும் மூலிகை மாத்திரைகளைச் சோதித்தபோதுதான் சொல்லாமல் கதிரூட்டும் வழக்கம் வெளிப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் கூடி, வரும் ஆண்டின் மாதிரித் திட்டத்திலேயே சூரணங்களையும் மூலிகைக் குளிகைகளையும் சேர்க்க ஆணை பிறப்பிக்க வேண்டும். அவ்வாணையில் மாதிரி எடுக்கும் அலுவலருக்கு ஒரு வரியும் இருக்கட்டும்: பொதியைப் பிரிக்காமல், கருந்தாளில் சுற்றி, வெயில் படாமல் ஆய்வகத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்று.